பல ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்டுகளுக்கு ஒரே பில்ட், டெப்ளாய் கான்ஃபிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழுவில் ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்டுகள் பத்தைத் தாண்டிய பிறகு, பொது கான்ஃபிக்கை, அதாவது கோடை ஓடும் வடிவுக்கு மாற்றும் பில்டுக்கும் அதைச் சர்வரில் ஏற்றும் டெப்ளாய்க்கும் கருவிகள் படிக்கும் அமைப்பு ஃபைல்களை, பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. அன்றிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களும் பக்கத்துக் குழுக்காரர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன், எளிமையானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஷேர்டு கான்ஃபிக்னு சொல்றீங்களே, அது சரியா என்ன?

ஒரு ப்ராஜெக்ட்டைத் திறந்தால் நாம் எழுதிய கோடு கண்ணில் படுவதற்கு முன்பே ஏழெட்டு ஃபைல்கள் நிற்கும். வகை சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்டுக்கு ஒன்று, கோடில் தவறு தேடும் (லின்ட் செய்யும்) ஈஎஸ்லின்டுக்கு ஒன்று, கோடின் வடிவை ஒழுங்குபடுத்தும் ப்ரெட்டியருக்கு ஒன்று, ஃபைல்களைக் கட்டிச் சேர்க்கும் பண்ட்லரான வீட் அல்லது வெப்பேக்குக்கு ஒன்று, கன்டெய்னர் செய்முறையைச் சொல்லும் ஒரு டாக்கர்ஃபைல், டெஸ்டையும் பில்டையும் தானாக ஓட்டும் சிஐ பைப்லைனுக்கு ஒரு யாமல், ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்டின் வெர்ஷனைச் சொல்ல ஒரு வரி ஃபைல். பத்து ப்ராஜெக்ட் இருந்தால் எழுபது எண்பது ஃபைல், அவற்றில் பெரும்பகுதி அச்சாக ஒரே மாதிரி. அந்தப் பொதுப் பகுதியை ஓரிடத்தில் வைத்து, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் அதைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும்படி செய்வதுதான் இது.

காப்பி பேஸ்ட் பண்ணா என்ன தப்பு? ரெண்டு நிமிஷ வேலைதானே?

முதல் நாள் ஒரு தப்பும் இல்லை. நோட் 18க்கான ஆதரவு 2025 ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிந்தது, அப்போது நாங்கள் எல்லா ப்ராஜெக்ட்டையும் புது வெர்ஷனுக்கு மாற்ற உட்கார்ந்தோம். ஒவ்வொன்றிலும் டாக்கர்ஃபைல், பைப்லைன், வெர்ஷன் ஃபைல், பேக்கேஜ்.ஜேசன் என்று நான்கு இடத்தில் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை, உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆனால் இரண்டு ப்ராஜெக்ட்டில் மட்டும் பில்ட் கட்டளையில் ஒரு கூடுதல் கொடி (ஃப்ளாக்) இருந்தது, ஒன்றில் டைப்ஸ்கிரிப்டின் கண்டிப்பு முறை அணைத்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ யோசித்துச் செய்ததா, அவசரத்தில் செய்து மறந்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

காப்பி பண்ணும்போது ஏற்படும் உண்மையான செலவு இதுதான். வித்தியாசம் இருப்பது குற்றமில்லை, அது வேண்டுமென்று வைத்ததா என்று தெரியாமல் போவதுதான் ஆளை நிறுத்திவிடுகிறது. பொது கான்ஃபிக் இருந்தால் ப்ராஜெக்ட்டின் ஃபைலில் மிஞ்சியிருக்கும் நாலு வரியும் வேண்டுமென்றே எழுதியவை என்று நம்பலாம்.

எங்ககிட்ட மூணே ப்ராஜெக்ட்தான். இப்பவே இதெல்லாம் வேணுமா?

வேண்டாம். பொதுப் பேக்கேஜ் (பெயரும் வெர்ஷனும் வைத்து வெளியிடும் கோடுத் தொகுப்பு) ஒன்றை நடத்துவதற்கு வெர்ஷன், வெளியீடு, மாற்றக் குறிப்பு எல்லாம் வேண்டும். மூன்று ப்ராஜெக்ட்டுக்கு அந்த உழைப்பு தாங்காது. டைப்ஸ்கிரிப்டுக்கு, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜுகளின் களஞ்சியமான என்பிஎம்மில் பொதுவில் கிடைக்கும் டிஎஸ்கான்ஃபிக் (டைப்ஸ்கிரிப்டின் கான்ஃபிக் ஃபைல்) அடிப்படைகளில் உங்கள் நோட் வெர்ஷனுக்குரியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஈஎஸ்லின்டுக்கு அந்தக் குழுவே தரும் பரிந்துரைத் தொகுப்பே போதும். ஒரே மாற்றத்தை நான்காவது முறையாக வேறு வேறு ரெப்போவில் (கோடு இருக்கும் களஞ்சியம்) செய்கிறீர்கள் என்றால், அன்றைக்குத் தொடங்குங்கள்.

சரி, எதைப் பொதுவா வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றே ஒன்று: நாளைக்கு இந்த வரி மாறினால் எல்லா ப்ராஜெக்ட்டிலும் சேர்ந்து மாற வேண்டுமா? ஃபார்மேட்டிங், லின்ட் விதிகள், டைப்ஸ்கிரிப்டின் கண்டிப்பு, நோட் வெர்ஷன், பைப்லைனில் இன்ஸ்டால், டெஸ்ட், பில்ட் என்ற வரிசை, இவற்றுக்கெல்லாம் பதில் ஆம். எந்த சர்வருக்குப் போகிறது, எத்தனை மெமரி, எந்த டொமைன், எந்த ரகசியச் சாவி, இவை இன்று தற்செயலாக ஒரே மாதிரி இருந்தாலும் பொதுவில் போகக் கூடாது. இரண்டு ப்ராஜெக்ட்டுக்கு ஒரே மெமரி அளவு இருப்பது ஒரு ஒற்றுமை, அவ்வளவுதான். அதைப் பொதுவாக்கினால் ஒன்றுக்கு மட்டும் கூட்ட வேண்டிய நாளில் பொதுப் பேக்கேஜுக்குள் 'இந்த ப்ராஜெக்ட்டாக இருந்தால்' என்று ஒரு நிபந்தனை முளைக்கும். அதற்குப் பிறகு அதைப் பிடுங்குவது கடினம்.

மோனோரெப்போ போடலாமா, தனிப் பேக்கேஜா வெளியிடலாமா?

எல்லா ப்ராஜெக்ட்டும் ஏற்கெனவே ஒரே ரெப்போவில் இருந்தால், அதாவது மோனோரெப்போ என்றால், யோசிக்கவே வேண்டாம். என்பிஎம் 7 வந்த 2020இலிருந்து ஒரே ரெப்போவில் பல பேக்கேஜுகளை இணைக்கும் வொர்க்ஸ்பேஸ் வசதி அதிலேயே இருக்கிறது, அதே வேலையைச் செய்யும் யார்னிலும் பிஎன்பிஎம்மிலும் அதற்கு முன்பே இருந்தது. கான்ஃபிக்கை உள்ளேயே ஒரு பேக்கேஜாக வைத்துவிட்டால் வெளியீடே தேவையில்லை. நீங்கள் ஒரு விதியை மாற்றினால் எது எது உடைகிறது என்று அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) தெரிந்துவிடும். உடைந்ததை எல்லாம் அங்கேயே நீங்களே சரிசெய்தாக வேண்டும் என்பதுதான் அதற்கான விலை.

தனித்தனி ரெப்போ என்றால் தனிப் பேக்கேஜ். பெயரை உங்கள் நிறுவனத்தின் ஸ்கோப்புக்குள் வையுங்கள், அதாவது @ குறியோடு தொடங்கும் பெயர். ஸ்கோப் இல்லாத உள்பெயரை வெளியாள் யாராவது பொதுக் களஞ்சியத்தில் பதிவு செய்துவிட்டால், உங்கள் பில்ட் அதை இழுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அப்புறம், கிட்ஹப் பேக்கேஜஸில் வைத்தால் பொதுவில் திறந்த பேக்கேஜை இறக்கக்கூட டோக்கன் கேட்கும். புதிதாகச் சேரும் ஆள் முதல் நாளே அங்கே மாட்டிக்கொள்வார், ஆகவே அதை ரீட்மீயின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். கான்ஃபிக்குக்காக மட்டும் மோனோரெப்போவுக்கு மாறாதீர்கள், அது தனிப் பெரிய முடிவு.

டிஎஸ்கான்ஃபிக்கை எக்ஸ்டெண்ட்ஸ் பண்ணேன். பில்ட் ஆன ஃபைல் எல்லாம் நோட்_மாட்யூல்ஸ் உள்ளே போய் உட்கார்ந்திருக்கு. ஏன்?

இதை எனக்குத் தெரிந்து எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருக்கிறார்கள். ஒரு டிஎஸ்கான்ஃபிக்கில் எழுதிய சார்புப் பாதை, அது எழுதப்பட்ட ஃபைல் இருக்கும் இடத்திலிருந்துதான் கணக்காகும், அதை எக்ஸ்டெண்ட்ஸ் செய்யும், அதாவது அடிப்படையாக எடுத்துக்கொள்ளும், ஃபைலின் இடத்திலிருந்து அல்ல. பொது ஃபைல், இன்ஸ்டால் செய்த பேக்கேஜுகள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸுக்குள் இருக்கிறது, அதில் வெளியீட்டு ஃபோல்டர் 'டிஸ்ட்' என்று எழுதினால் அந்த டிஸ்ட்டும் அங்கேயேதான் உருவாகும். எந்த ஃபைல்களைச் சேர்ப்பது என்று சொல்லும் இன்க்ளூடைப் பொது ஃபைலில் எழுதினாலும் இதே கதை, உங்கள் சோர்ஸ் ஃபோல்டரை விட்டுவிட்டு பேக்கேஜுக்குள் தேடி, ஃபைலே கிடைக்கவில்லை என்று பிழை சொல்லும்.

2024 ஜூனில் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.5இல் இதற்கென்றே கான்ஃபிக்டிர் என்ற மாறி வந்தது. டாலர் குறியும் நெளி அடைப்பும் போட்டுப் பாதையின் முன்னால் எழுதினால், எக்ஸ்டெண்ட்ஸ் செய்யும் ப்ராஜெக்ட்டின் ஃபோல்டரை அது குறிக்கும். அதைவிடப் பழைய வெர்ஷனில் இருந்தால் பாதை சம்பந்தப்பட்ட எதையும் பொது ஃபைலில் வைக்காதீர்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், படிக்கிறவருக்குக் குழப்பம் குறைவு.

இன்னொன்று: பட்டியல்கள் ஒன்றுசேராது. பொது ஃபைலில் லிப் என்ற பட்டியலில் மூன்று இருக்கிறது, நீங்கள் ப்ராஜெக்ட்டில் நான்காவதை மட்டும் எழுதினால் முந்தைய மூன்றும் போய்விடும். பாத்ஸுக்கும் டைப்ஸுக்கும் இதே விதி. 2023இல் வந்த 5.0இலிருந்து எக்ஸ்டெண்ட்ஸுக்குப் பல ஃபைல்களைப் பட்டியலாகக் கொடுக்கலாம், ஆகவே 'அடிப்படை', 'ரியாக்ட்', 'நோட் சர்வர்' என்று சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஈஎஸ்லின்ட்ல பழைய முறைக்கும் புது முறைக்கும் பொதுவா வைக்கிறதுல என்ன வித்தியாசம்?

நிறைய. பழைய முறையில் பொதுத் தொகுப்பு ஒரு ப்ளக்இன்னை (கூடுதல் விதிகள் தரும் பேக்கேஜ்) பெயரால் மட்டுமே சொல்லும், அந்த ப்ளக்இன்னை ப்ராஜெக்ட்டின் பக்கத்திலிருந்துதான் ஈஎஸ்லின்ட் தேடும். அதனால் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் எட்டு ப்ளக்இன்னை நாமே இன்ஸ்டால் செய்து, வெர்ஷனையும் ஒத்துப்போக வைக்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் வந்த ஈஎஸ்லின்ட் 9இல் ஃப்ளாட் கான்ஃபிக் இயல்பு முறையானது. அதில் கான்ஃபிக் என்பது சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் பொருள்களின் பட்டியல், ப்ளக்இன்னைப் பொதுப் பேக்கேஜே இம்போர்ட் செய்து உள்ளே வைத்துக்கொள்ளும். ப்ராஜெக்ட்டில் பொதுப் பேக்கேஜும் ஈஎஸ்லின்டும் மட்டும் இருந்தால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய முறையில் இருப்பவர்களை மாறச் சொல்கிறேன்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பொதுப் பேக்கேஜ் கொண்டுவரும் ப்ளக்இன்னின் வேறொரு வெர்ஷனை அதே பெயரில் ப்ராஜெக்ட்டிலும் சேர்த்தால், ப்ளக்இன்னை மறுபடி வரையறுக்க முடியாது என்று ஈஎஸ்லின்ட் நின்றுவிடும். அடுத்தது, லின்ட் செய்யாமல் விட வேண்டிய ஃபைல்களைச் சொல்லும் இக்னோர்ஸ். அது மட்டும் தனியாக ஒரு பொருளில் இருந்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும், பக்கத்தில் ரூல்ஸ் என்று ஒரு வரி சேர்ந்தாலும் அந்தப் பொருளுக்கு மட்டும்தான் பொருந்தும். பில்ட் ஃபோல்டரையும் லின்ட் செய்து பத்து நிமிடம் ஓடுகிறது என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

ப்ரெட்டியர்ல ஒரே ஒரு விதியை மட்டும் எங்களுக்கு மாத்தணும். முடியுமா?

பேக்கேஜ்.ஜேசனில் பொதுப் பேக்கேஜின் பெயரை எழுதும் முறையில் முடியாது. ப்ரெட்டியர் கான்ஃபிக்கை ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாக எழுதி, பொதுவை இம்போர்ட் செய்து பரப்பி, கீழே உங்கள் வரியைச் சேருங்கள். ஆனால் ஃபார்மேட்டிங்கில் விதிவிலக்கு கேட்டால் நான் சம்மதிப்பதில்லை. அரைப்புள்ளி போடுவதா வேண்டாமா என்பதில் எந்த ப்ராஜெக்ட்டுக்கும் தனித் தேவை கிடையாது.

வீட், வெப்பேக் கான்ஃபிக்கையும் அப்படியே பேக்கேஜுக்குள்ள தூக்கிப் போட்டுடலாமா?

இங்கேதான் மெதுவாகப் போகச் சொல்வேன். லின்ட் விதி தவறினால் ஒரு எச்சரிக்கை வரும், பண்ட்லர் கான்ஃபிக் தவறினால் பயனருக்குப் போகும் ஃபைலே மாறிவிடும். இந்த வழியில் நெடுந்தூரம் போன உதாரணம், புதிய ரியாக்ட் ஆப்களைத் தொடங்கித் தரும் கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப். 2016இல் வந்தபோது வெப்பேக், பேபல் கான்ஃபிக் முழுவதையும் ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஒரே பேக்கேஜுக்குள் மறைத்து வைத்தது, லட்சக்கணக்கானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் எஜெக்ட் என்ற கட்டளை ஒன்றுதான் அதிகாரபூர்வ வழி. அதை ஓட்டினால் மொத்தக் கான்ஃபிக்கும் உங்கள் ரெப்போவில் வந்து இறங்கும், திரும்பிப் போக முடியாது, பேக்கேஜிலிருந்து வரும் மேம்பாடுகளும் அத்தோடு நின்றுபோகும். பலர் அதற்குப் பயந்து குறுக்குவழிக் கருவிகளைத் தேடினார்கள். 2025 பிப்ரவரியில் புதிய ஆப்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே அறிவித்தது.

எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற நிலையில் ஒரு ப்ராஜெக்ட்டை நிறுத்தக் கூடாது என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். முழுக் கான்ஃபிக்குக்குப் பதிலாகச் சின்னத் துண்டுகளைக் கொடுங்கள்: நம் ப்ளக்இன்களைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன், சோர்ஸ்மேப் அமைப்பைத் தரும் இன்னொன்று. வீட் கான்ஃபிக் ஃபைல் ப்ராஜெக்ட்டிலேயே இருக்கட்டும், துண்டுகளை அது கூப்பிடட்டும். வீட்டின் மெர்ஜ்கான்ஃபிக் பட்டியல்களை ஒட்டி நீளமாக்கும், பொதுவில் உள்ள ப்ளக்இன்னை அதை வைத்து நீக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். டைப்ஸ்கிரிப்ட் பட்டியலைத் தூக்கிவிட்டு மாற்றுகிறது, வீட் ஒட்டுகிறது, ஒவ்வொரு கருவிக்கும் சேர்க்கும் விதி வேறு.

நோட் வெர்ஷனை எங்கே எழுதினா எல்லோரும் கேட்பாங்க?

என்விஎம் (நோட் வெர்ஷன்களை மாற்றித் தரும் கருவி) வெர்ஷன் ஃபைலில் ஒரே ஒரு முறை எழுதுங்கள், கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் நோட் அமைப்பு ஆக்‌ஷனுக்கு எண்ணைக் கொடுக்காமல் அந்த ஃபைலின் பெயரைக் கொடுங்கள். பேக்கேஜ்.ஜேசனின் என்ஜின்ஸ் வரியை மட்டும் நம்பாதீர்கள், என்பிஎம் இயல்பாக எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். நிறுத்த வேண்டுமென்றால் என்ஜின்-ஸ்ட்ரிக்டைத் தனியாக இயக்க வேண்டும்.

பைப்லைனைப் பொதுவாக்க ரீயூசபிள் வொர்க்ஃப்ளோவா, காம்போசிட் ஆக்‌ஷனா?

இரண்டும் அதே கிட்ஹப் சேவையில் பைப்லைனைப் பகிரும் வழிகள். முழு வேலையும் ஒன்றுதான் என்றால் ரீயூசபிள் வொர்க்ஃப்ளோ. இன்ஸ்டால் செய்து கேஷ் வைப்பது போன்ற சில படிகள் மட்டும் பொது என்றால் காம்போசிட். நாங்கள் இரண்டாவதில் தொடங்கினோம், அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தன் படிகளை நடுவில் செருகிக்கொள்ள முடிந்தது.

ரீயூசபிளில் மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்குகிறார்கள். கூப்பிடும் வொர்க்ஃப்ளோவின் மேலே எழுதிய என்வ் (சூழல் மாறி) மதிப்புகள் உள்ளே போகாது, இன்புட்டாகத்தான் அனுப்ப வேண்டும். ரகசியங்களையும் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும், அல்லது மொத்தமாக இன்ஹெரிட் போட வேண்டும், நான் பெயர் சொல்லச் சொல்வேன். மூன்றாவது, உள்ளே செக்அவுட் செய்தால் கிடைப்பது கூப்பிட்டவரின் ரெப்போ. பொது ரெப்போவில் வொர்க்ஃப்ளோவுக்குப் பக்கத்தில் வைத்த ஸ்கிரிப்ட் அங்கே இருக்காது.

அந்த வொர்க்ஃப்ளோவை மெயின் பிராஞ்ச்சிலிருந்தே எடுத்துக்கிட்டா எப்பவும் புதுசா இருக்குமே?

இருக்கும், நான் ஒரு வெள்ளிக்கிழமை செய்யும் தவறும் பதினைந்து ப்ராஜெக்ட்டுக்கும் அடுத்த நிமிடமே போய்ச் சேரும். டேக் (ஒரு கமிட்டுக்கு வைக்கும் வெர்ஷன் பெயர்) அதைவிட மேல், ஆனால் டேக்கும் நகரக்கூடியது. 2025 மார்ச்சில், 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திய டிஜே-ஆக்‌ஷன்ஸின் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற ஆக்‌ஷனில் தாக்குபவர்கள் டேக்குகளைத் தங்கள் கமிட்டை நோக்கித் திருப்பிவிட்டார்கள், பில்ட் லாகில் ரகசியங்கள் கொட்டின. முழுக் கமிட் எண்ணைக் குறிப்பிட்டு வைத்தவர்களை டேக் திரும்பியது தொடவில்லை. வெளியார் ஆக்‌ஷன் எல்லாவற்றுக்கும் முழுக் கமிட் எண் எழுதுங்கள், நம் சொந்தப் பொது வொர்க்ஃப்ளோவுக்கு வெர்ஷன் டேக் போதும், ஆனால் அந்த டேக்குகளை யாரும் நகர்த்த முடியாதபடி பூட்டி வையுங்கள்.

ஸ்டேஜிங்ல டெஸ்ட் பண்ண பில்டையே ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பணும். ஆனா ஏபிஐ முகவரி ஸ்டேஜிங்கோடது உள்ளயே ஒட்டிக்கிட்டு வருது!

வீட்_ என்றும் நெக்ஸ்ட்_பப்ளிக்_ என்றும் தொடங்கும் மாறிகள் பில்ட் நேரத்திலேயே வெறும் எழுத்தாகக் கோடுக்குள் பதிந்துவிடுகின்றன. பிறகு சர்வரில் என்வ் மதிப்பை எத்தனை முறை மாற்றினாலும் பிரவுசருக்குப் போகும் ஃபைல் மாறாது. அதனால்தான் பலர் சோதனைக்கான ஸ்டேஜிங்குக்கு ஒன்று, மக்களுக்கான சர்வருக்கு ஒன்று எனச் சூழலுக்கு ஒரு பில்ட் என்று போகிறார்கள், அப்போது டெஸ்ட் செய்தது ஒன்று, மக்களுக்குப் போவது வேறொன்று.

நாங்கள் செய்வது: பில்டுக்குள் சூழல் பற்றிய எதுவும் இல்லை. ஆப் தொடங்கும்போது ஒரு சின்ன கான்ஃபிக் ஜேசனைச் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அந்த ஜேசனைக் கன்டெய்னர் தொடங்கும் நேரத்தில் என்வ் மதிப்புகளிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறது. அந்த ஸ்கிரிப்ட் பொது டாக்கர் இமேஜில் இருக்கிறது, மதிப்புகள் ப்ராஜெக்ட்டின் டெப்ளாய் அமைப்பில், நாலாவது கேள்வியில் சொன்ன அதே பிரிவினை. அந்த ஜேசனைக் கேஷ் செய்யாமல் இருக்க ஹெடர் போட மறக்காதீர்கள். ஹாஷ் பெயருள்ள ஃபைல்களை எத்தனை மாதமும் கேஷ் செய்யலாம், ஜேசனும் இண்டெக்ஸ் பக்கமும் அப்படியல்ல.

இதே காரணத்தால் அந்த முன்னொட்டுள்ள மாறிகளில் ரகசியச் சாவி ஒருபோதும் வேண்டாம். பிரவுசரைத் திறக்கத் தெரிந்த யாரும் அதைப் படிக்கலாம்.

பொதுப் பேக்கேஜ்ல ஒரு லின்ட் விதி சேர்த்தா அது மேஜரா மைனரா?

வெர்ஷன் எண்ணின் மூன்று பகுதிகள்தான் மேஜர், மைனர், பேட்ச். நேற்றுப் பச்சையாக இருந்த பில்ட் இன்று சிவப்பாகுமானால் மேஜர். கோடில் ஒரு வரிதானே சேர்த்தேன் என்பது கணக்கில்லை. புது விதியை முதலில் எச்சரிக்கையாக மைனரில் விடுங்கள், ப்ராஜெக்ட்டுகள் சுத்தமான பிறகு மேஜரில் பிழையாக மாற்றுங்கள். தொடக்கத்தில் 0.3.0 மாதிரி வெர்ஷன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பூஜ்யத்தில் தொடங்கும்போது, ஒத்துப்போகும் புது வெர்ஷனை எடுக்கச் சொல்லும் ^ குறி 0.4.0ஐ எடுக்காது. புது வெர்ஷன் யாருக்கும் போகவில்லையே என்று தேடுவதற்கு முன் 1.0.0 வெளியிட்டுவிடுங்கள்.

வெளியிடுறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கிறது? என்பிஎம் லிங்க்ல நல்லா ஓடுச்சு, வெளியிட்டதும் உடைஞ்சிடுச்சு.

லிங்க் உங்கள் ஃபோல்டரையே சிம்லிங்க்காகக் காட்டுகிறது. பேக்கேஜ்.ஜேசனின் ஃபைல்ஸ் பட்டியலில் ஒரு ஃபைலை விட்டிருந்தாலும் அது அங்கே இருக்கும், டெவ் டிபெண்டன்சியாக (உருவாக்கும்போது மட்டும் தேவையான பேக்கேஜாக) போட்ட ப்ளக்இன்னும் கிடைக்கும். வெளியிட்ட பேக்கேஜில் இரண்டும் இருக்காது. என்பிஎம் பேக் என்ற கட்டளை வெளியாகப்போகும் டார் ஃபைலை அப்படியே உருவாக்கும், அதை ஒரு ப்ராஜெக்ட்டில் இன்ஸ்டால் செய்து பில்டை ஓட்டுங்கள். நாங்கள் பொது ரெப்போவின் பைப்லைனிலேயே இரண்டு மாதிரி ப்ராஜெக்ட்டுகளை வைத்து இதை ஓட்டுகிறோம், ஒன்று ரியாக்ட், ஒன்று நோட் சர்வர்.

புது வெர்ஷன் விட்டும் யாரும் ஏத்திக்கவே மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

ஆட்களை நச்சரிப்பதை விட்டுவிட்டு ரெனோவேட் அல்லது டிபெண்டபாட் தானாகவே புல் ரிக்வெஸ்ட் திறக்கும்படி செய்யுங்கள். ரெனோவேட்டின் சொந்தக் கான்ஃபிக்கையும் ஒரு ரெப்போவில் வைத்து எல்லோரும் எக்ஸ்டெண்ட்ஸ் செய்யலாம். பேட்ச், மைனர் இரண்டும் டெஸ்ட் தேறினால் தானாக மெர்ஜ், மேஜருக்கு மட்டும் ஆள் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எங்கள் மாற்றக் குறிப்பில் ஒவ்வொரு மேஜருக்கும் 'என்ன செய்ய வேண்டும்' என்று ஓட்ட வேண்டிய கட்டளையோடு இரண்டு வரி எழுத ஆரம்பித்த பிறகுதான் மக்கள் தயங்காமல் ஏற்றினார்கள்.

கான்ஃபிக் பேக்கேஜ் வெறும் டெவ் டிபெண்டன்சிதானே, அதுல என்ன பாதுகாப்புப் பயம்?

அந்தப் பேக்கேஜ் ஓடும் இடம் உங்கள் மடிக்கணினியும் சிஐ மெஷினும், டோக்கன்கள் எல்லாம் இருப்பது அங்கேதான். 2018 ஜூலையில் ஈஎஸ்லின்ட்-ஸ்கோப், ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-ஈஎஸ்லின்ட் இரண்டிலும் என்பிஎம் டோக்கனைத் திருடும் வெர்ஷன்கள் வெளியாயின. 2025 ஜூலையில் ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-ப்ரெட்டியரைப் பராமரிப்பவர் போலி மின்னஞ்சலில் ஏமாற்றப்பட, விண்டோஸ் மெஷின்களைக் குறிவைத்த இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டோடு நான்கு வெர்ஷன்கள் வெளிவந்தன. இரண்டு முறையும் மாட்டியதில் பெயரிலேயே கான்ஃபிக் என்று இருக்கும் பேக்கேஜ் உண்டு.

ஆகவே பைப்லைனில் என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம், துல்லியமான வெர்ஷன்களைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலை மாற்றாத என்பிஎம் சிஐ ஓட்டுங்கள். பிஎன்பிஎம் 10இலிருந்து டிபெண்டன்சிகளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டுகளை இயல்பாகவே ஓட்டுவதில்லை, 10.16இலிருந்து வெளியாகி இத்தனை நேரம் ஆகாத வெர்ஷனை எடுக்காதே என்று சொல்லும் அமைப்பும் உண்டு. முந்தைய பதிலில் சொன்ன தானியங்கி மெர்ஜை வெளியார் பேக்கேஜுக்கு வைத்தால் இந்தக் காத்திருப்பு நேரமும் கட்டாயம் வையுங்கள்.

ஒரு டீம் மட்டும் எங்களுக்கு இந்த விதி ஒத்துவராதுங்கறாங்க. பேக்கேஜ்ல ஒரு ஆப்ஷன் சேர்த்துக் கொடுக்கவா?

வேண்டாம். அவர்கள் ப்ராஜெக்ட்டின் ஃபைலிலேயே மேலெழுதிக்கொள்ளட்டும், பக்கத்தில் ஏன் என்று ஒரு வரிக் கமென்ட்டோடு. ஆப்ஷன் சேர்த்தால் இரண்டு நிலையையும் நீங்கள் காலமெல்லாம் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும், ஐந்து ஆப்ஷன் என்றால் 32 சேர்க்கைகள்.

நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா ரெப்போவிலும் மேலெழுதிய வரிகளைத் தேடிப் பார்ப்பேன். மூன்று ப்ராஜெக்ட் ஒரே விதியை அணைத்திருந்தால் அந்தக் கமென்ட்டுகளைப் படித்துவிட்டு அவர்களோடு பேசுவேன், பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். சென்ற முறை அப்படி இம்போர்ட்டுகளை அகரவரிசையில் அடுக்கச் சொல்லும் விதியைப் பொதுவிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த வெளியீட்டில் நான்கு ரெப்போவிலிருந்து அதை அணைத்த வரியும் போய்விட்டது.